ஆரல்வாய்மொழியில் மழை

பேச்சிப்பாறை
18-4-1955

கர்த்தருடைய தயவால் சுகத்தோடிருக்கும் அன்புள்ள அக்கா தேவகனிக்கு, தங்கை சத்தியபாய் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீயும் அத்தானும் குளோரியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, இடது கையால் எழுதுகிறேன். போன வாரம் சானல் படியில் துணி துவைக்கும்போது பாசி வழுக்கி விழுந்துவிட்டேன். வலது கை ஒடிந்துவிட்டது. ஆசான் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறார். இரண்டு மாதம் அசைக்கக் கூடாதாம்.

கை கூடும்வரை தங்கத்தை உன்னிடம் அனுப்புகிறேன். எஸ்டேட் லாரி ஓட்டும் ஐயப்பன் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி போகும் வழியில் அவளை உன் வீட்டில் இறக்கிவிடுவார். கூட அவர் மனைவியும் வருகிறாள். நீ தங்கத்தைக் கடைசியாகப் பார்த்தது கைப்பிள்ளையாக இருக்கும்போது. இப்போது ஆறு வயது. உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, சத்தம் போடாத பிள்ளை. அத்தான் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே சாப்பாடு கொடுத்துப் படுக்க வைத்துவிட்டால் போதும். குறும்பு செய்தால் தயங்காமல் அடி, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

இவர் சுகம், எஸ்டேட் வேலைக்குப் போய்வருகிறார். சபைக் கமிட்டிக்கு இவரைச் செயலாளராகத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள்.

அத்தானுக்கு என் ஸ்தோத்திரம். குளோரிக்கு முத்தம்.
சத்தியபாய்


ஆரல்வாய்மொழி
5-5-1955

என் செல்லத் தங்கை சத்தியத்துக்கு அக்கா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். உன் கை எப்படி இருக்கிறது? ஆசான் சொன்ன எண்ணெயை விடாமல் போடு. கை ஒடிந்த பிறகும் துணி துவைக்கப் போய்விடாதே, நீ போகக்கூடியவள்.

உன் மகள் வந்து சேர்ந்தாள். பிள்ளையா அது! சாப்பிட்ட தட்டை அவளே கழுவி வைக்கிறாள். பசிக்கிறது என்று ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. என்னை "வலியம்மை" என்று கூப்பிடுகிறாள். குளோரிக்கு அதைக் கேட்டு ஒரே சிரிப்பு. இந்தப் பக்கம் பெரியம்மா என்றுதானே சொல்லுவோம். ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு கூத்தைக் கேள். அவள் வந்த மறுநாள் முற்றத்தில் அவித்த நெல் காயப் போட்டிருந்தேன். சாயங்காலம் நான் அடுக்களையில் இருக்கிறேன், இவள் ஓடிவந்து என் சேலையைப் பிடித்து, காதோடு காதாக, "வலியம்மை, மழ வருது" என்கிறாள். ஐயோ என் நெல்லே என்று நானும் குளோரியும் விழுந்தடித்து ஓடினோம். பாயைச் சுருட்டி, நெல்லை வாரி, பாதியை மண்ணோடு சேர்த்து உள்ளே கொண்டு போட்டோம். அப்போதுதான் உன் அத்தான் கருப்பட்டிக் கடையைப் பூட்டிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறார். "எதுக்கு நெல்ல வாருறிய? வானம் பளிச்சுனு கெடக்கே?" என்றார். அண்ணாந்து பார்க்கிறேன், வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. இந்த ஊரில் சித்திரையில் மழை என்று கேட்டு ஓடினேனே, எனக்கும் புத்தி இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் தங்கம் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறாள்!

மறுநாளும் அதே நேரம் "மழ வருது" என்றாள். அதற்கு அடுத்த நாளும் சொன்னாள். பேச்சிப்பாறை மேகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் பிள்ளை. அத்தான் அவளுக்கு மழைக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்.

இன்னொன்று. நேற்று விளக்குச் சிம்னியைக் கைதவறி உடைத்துவிட்டாள். நான் துடைப்பம் எடுக்கப் போய்த் திரும்பி வருகிறேன், தோட்டத்தில் போய்ப் புளியம் விளாறு ஒன்று ஒடித்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டுகிறாள். "வலியம்மை, இது போருமா?" என்றாள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. இதையெல்லாம் யாரிடம் படித்தாள்?

உன் மாப்பிள்ளைக்கு எங்கள் ஸ்தோத்திரம். கையைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா
தேவகனி


பேச்சிப்பாறை
24-5-1955

அன்புள்ள அக்காவுக்கு சத்தியபாய் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. உன் முழங்காலுக்கு எருக்கிலையை வாட்டிக் கட்டு. எனக்குக் கை பரவாயில்லை.

கடிதத்தைப் பிடித்து வாசிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று இவரே உரக்க வாசித்துக் காட்டினார். நீ எழுதின மழைக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் ஊர் மழை அப்படி, பிள்ளைக்குப் பயம் விடவில்லை என்றார். நானும் சிரித்தேன்.

இனிமேல் அதை எழுத வேண்டாம் அக்கா. தங்கத்திடமும் கேட்காதே. சின்னப் பிள்ளை எதையாவது சொல்லும்.

சிம்னிக்கு நான் வருத்தப்படுகிறேன்.

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.
சத்தியபாய்


ஆரல்வாய்மொழி
1-6-1955

ஏட்டி சத்தியம்,

ஸ்தோத்திரம், சுகம் எல்லாம் கடைசியில் எழுதுகிறேன். இதைத் தபாலில் போடவில்லை. ஐயப்பன் உன் கையில்தான் கொடுப்பார், அப்படிச் சொல்லித்தான் அனுப்புகிறேன். வாசித்ததும் அடுப்பில் போடு.

தங்கத்திடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது குளோரி. பத்து வயதுக் கழுதைக்கு எதையும் விடத் தெரியாதே. "ஏட்டி, தெனமும் மழ மழன்னு சொல்லுகியே, எங்கட்டி மழ?" என்று கேட்டிருக்கிறாள். உன் மகள் சொன்னாளாம், "மழன்னா அப்பா. செருப்புச் சத்தம் கேட்டா அம்மை மழ வருதுன்னு சொல்லும். ஒடனே நான் கட்டிலுக்கடியில போவணும். மூச்சு விடப்பிடாது."

கேட்டதும் நான் அடுக்களையில் போய் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பாவி மனுஷர் என் கடிதத்தை வாசித்துச் சிரித்தாரே, தன்னைத்தான் சொல்கிறது என்று தெரியாமல்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது சத்தியம். உன் அத்தான் தினமும் வீட்டுக்குள் வரும்போது அந்தப் பிஞ்சு ஒளிந்ததை நாங்கள் வேடிக்கை பார்த்தோம். அவர் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டார். மழைக்காரி என்று கூப்பிட்டதை நினைத்து அவருக்கு அவ்வளவு வருத்தம்.

உன் கையை ஒடித்ததும் பாசி இல்லையே? எத்தனை வருஷமாக நடக்கிறது? ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

அவர் நம் கடிதங்களை வாசிக்கிறார் என்றால் வாசிக்கட்டும். இனி நான் மழை என்றே எழுதுவேன். நீயும் மழை என்றே எழுது. உன் பிள்ளைக்கு நீ சொல்லிக்கொடுத்த வார்த்தைதானே, நமக்கும் ஆகும்.

நாங்கள் சுகம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. தங்கத்தைக் குளோரியின் பள்ளிக்கூடத்திலேயே ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறேன்.
தேவகனி


பேச்சிப்பாறை
17-6-1955

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு சத்தியபாய் எழுதுவது. நாங்கள் சுகம். கட்டை அவிழ்த்தாயிற்று. இப்போது வலது கையால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மழையைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷமே மழை பிடித்துக்கொண்டது. மலைமேல் எஸ்டேட் துரை பங்களாப் பக்கம் இடி இடித்தால் அன்றைக்கு இங்கே கட்டாயம் பெய்யும். சில மாதம் வெயில் அடிக்கும், இனி பெய்யாது என்று நினைத்துக்கொள்வேன். சானல் படி வழுக்கினதும் மழையால்தான். அடுத்த வீட்டுக்காரர்களுக்கு எங்கள் ஊர் குளிர்ச்சியான ஊர். எல்லோரும் புகழுகிற ஊரைப் பற்றி நான் மட்டும் குறை சொன்னால் யார் நம்புவார்கள்? ஒருதரம் போதகரிடம் மழை தாங்கவில்லை ஐயா என்று சொல்லிப் பார்த்தேன். குடை பிடித்துக்கொள் அம்மா, ஜெபம்தான் குடை என்றார்.

ஒன்றுமட்டும் உறுதியாகச் சொல்கிறேன் அக்கா. தங்கத்தை நான் நனையவிட்டதே இல்லை. நான் நனைந்தாலும் அவளை நனையவிடவில்லை.

அவள் இல்லாமல் வீடு வீடாக இல்லை. அடுத்த மாதம் ஒருநாள் வந்து அழைத்துக்கொண்டு போகிறேன். இவர் போய்வரச் சம்மதித்திருக்கிறார்.

அத்தானுக்கு ஸ்தோத்திரம்.
சத்தியபாய்

இதை ஒட்டும் முன்னால் இவர் வாங்கி வாசித்துவிட்டு, "அக்காளுக்கும் தங்கச்சிக்கும் எழுத வேற சங்கதி கெடையாதா?" என்று கேட்டார்.


ஆரல்வாய்மொழி
28-6-1955

அருமைத் தங்கைக்கு அக்கா எழுதுவது. சுகம். உன் கை கூடினதற்குக் கோவிலில் காணிக்கை போட்டேன். இங்கே காற்று ஆரம்பித்துவிட்டது. கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று நேற்று மாட்டுத் தொழுவத்துக் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் போட்டது. மழை மட்டும் இல்லை.

வா. நாலு நாள் தங்குகிற மாதிரி வா. பிள்ளையைக் கூட்டிப்போவதைப் பற்றி நேரில் பேசுவோம்.

அத்தான் இப்போது வீட்டுக்கு வருகிற விதமே வேறு. தெருமுனையிலேயே மணி அடிக்கிறார். பாட்டு என்று ஒன்று பாடிக்கொண்டு வருகிறார், அவர் குரலைத்தான் உனக்குத் தெரியுமே. வந்தும் உள்ளே வருவதில்லை, வாசலில் குத்துக்கல்லில் உட்கார்ந்து காற்று வாங்குகிறார். "உள்ள வாருங்களேன்" என்றால், "கூப்பிட ஆள் வரட்டும்" என்பார். போன வாரம் தங்கம் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய் ரொம்பத் தள்ளி வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டாள். நேற்று கையிலேயே கொடுத்தாள். அவர் அந்தத் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதே. தங்கம் ஒரு மரக்கட்டையைப் பிள்ளை என்று துணி சுற்றி வைத்து விளையாடுகிறாள். சோறூட்டுகிறாள், தாலாட்டுகிறாள், நன்றாய்த்தான் இருக்கிறது. திடீரென்று அதைப் போட்டு அடிக்கிறாள். அடித்துவிட்டு அதன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "கரையாத, கரையாத, கரைஞ்சா இன்னும் கிட்டும்" என்கிறாள், அழுதால் இன்னும் அடி கிடைக்குமாம். நானும் குளோரியை அடித்தவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. குளோரி கத்தித் தெருவையே கூட்டுவாள். வாயைப் பொத்துகிற விளையாட்டு இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

வரும்போது பலாச்சக்கை கிடைத்தால் ஒன்று கொண்டுவா. குளோரி ஆசைப்படுகிறாள்.
தேவகனி


ஆரல்வாய்மொழி
14-7-1955

சத்தியம்,

நீ சுகமாய் வீடு போய்ச் சேர்ந்தாயா என்றுகூட எனக்குத் தெரியாது. என்ன காரியம் செய்தாய்?

நான் கிணற்றடிக்குப் போய்விட்டு வருகிறேன். வாசற்படியில் ஒரு சக்கை இருக்கிறது. யார் வைத்தது என்றால் குளோரி, "சித்தி வந்தாவ, நின்னாவ, திரும்பிப் போயிட்டாவ" என்கிறாள். நான் ஈரச்சேலையோடு பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். பஸ் போய்விட்டது. பேச்சிப்பாறையிலிருந்து இத்தனை தூரம் வந்து, பெற்ற பிள்ளையைத் தூக்கி ஒரு முத்தம் கொடுக்காமல் திரும்பிப் போக அப்படி என்ன அவசரம்? நான் என்ன தப்பு எழுதிவிட்டேன்? மரக்கட்டை விஷயமா?

தங்கம் கட்டிலுக்கடியில் இருந்தாள். இரண்டு நாளாக அங்கேயேதான் படுக்கிறாள். சக்கையை நறுக்கிக் கொடுத்தேன், அவள் தொடவில்லை.

உடனே பதில் போடு.
தேவகனி


பேச்சிப்பாறை
20-9-1955

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் தாண்டிவிட்டது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இதை ஐயப்பனிடம் கொடுக்கிறேன். அதனால் மழை என்று மறைத்து எழுத வேண்டியதில்லை. நீ சுகமா? என் பிள்ளை சுகமா?

நீ ஒரு தப்பும் எழுதவில்லை. அன்றைக்கு நான் உன் வீட்டு வேலிப்பக்கம் வரும்போது இரண்டு பிள்ளைகளும் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தங்கம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கேட்போம் என்று வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன். அப்போது அவள் தலையைத் திருப்பினாள். என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோனது. குளோரியின் கையைப் பிடித்து, மெல்ல, "மழ வருது" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தெருவில் அவள் அப்பா இல்லை அக்கா. யாருமே இல்லை. நான்தான் நின்றேன்.

பிள்ளையை நனையவிட்டதில்லை என்று உனக்கு எழுதினேனே, அது பொய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன். அவர் அவளை அடிக்க எழுந்தால் நான் முந்திக்கொள்வேன். நானே இழுத்துப் போட்டு இரண்டு வைத்துவிட்டால் அவர் பேசாமல் உட்கார்ந்துவிடுவார். அவர் கைக்கு என் கை மேல் என்றுதான் ஆரம்பித்தேன். சத்தம் கேட்டால் அவர் மறுபடி எழுவாரே என்று வாயைப் பொத்துவேன். அந்த மரக்கட்டைக்கு நடந்தது அதுதான்.

ஆனால் அப்புறம் அப்புறம், அவர் வீட்டிலேயே இல்லாத நேரத்திலும் என் கை எழுந்தது. முந்தினநாள் நான் அடி வாங்கியிருப்பேன், காலையில் அவள் கஞ்சியைக் கொட்டிவிடுவாள், அவ்வளவுதான். ஒரு தரம் புளியம் விளாறு எடுத்துவா என்று அவளையே அனுப்பினேன். சின்னதாக எடுத்துவந்தாள் என்று பெரியது எடுத்துவரச் சொன்னேன். அடிக்கும்போது எனக்கு உள்ளே ஒரு ஆறுதலாக இருந்தது அக்கா. அதை நினைத்தால் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

அவளை நீயே வைத்துக்கொள். குளோரியோடு வளரட்டும். பெண்பிள்ளைதானே, எங்கே இருந்தால் என்ன என்று அவர் சொல்லிவிட்டார். நான் இனி அந்தப் பக்கம் வரவில்லை.
சத்தியபாய்


ஆரல்வாய்மொழி
2-10-1955

ஏட்டி, என் மக்கா சத்தியம்,

நாங்கள் சுகம். உன் பிள்ளையும் சுகம், இரண்டு கன்னமும் உப்பியிருக்கிறது. இதையும் ஐயப்பனிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். உன் கடிதத்தை வாசித்து நான் அழுதேன். அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உன்மேல்தான்.

பிள்ளையை என்னிடம் தள்ளிவிட்டு நீ அங்கே அடி வாங்கிக்கொண்டு கிடந்தால் செய்ததற்குச் சரியாகிவிடும் என்று நினைக்கிறாயா? சவம், இது என்ன கணக்கு? நீ அடித்தது தப்பு, பெரிய தப்பு. இல்லை இல்லை என்று உன்னைத் தட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டியவள் நீ. என்னால் சோறு போட முடியும், தலை வார முடியும், அவளுடைய அம்மையாக முடியாது.

அந்த வீட்டில் இருந்துகொண்டு உன் கை அடங்காது. அதுவும் எனக்குத் தெரியும். தினமும் வாங்குகிற கை எங்கேயாவது கொடுக்கத்தான் பார்க்கும். வெளியே வா. நாகர்கோவிலில் நம்மோடு படித்த ஞானம் இப்போது ஒரு பெண்கள் போர்டிங்கில் மேட்ரன். சமையலுக்கு ஆள் தேடுகிறாள். தங்க அறை உண்டு, பிள்ளையையும் வைத்துக்கொள்ளலாம். நான் போய்ப் பார்த்துப் பேசிவிட்டேன். ஊர் என்ன சொல்லும் என்று கேட்பாய். ஊருக்கு உன் அத்தான் பதில் சொல்லுவார். கருப்பட்டி விற்கிற வாய், அதுக்குச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்.

உன் மகள் என்னிடம் அடிக்கடி என்ன கேட்கிறாள் தெரியுமா? "வலியம்மை, அம்மைக்க கை சரியாச்சா?"

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பதில் உன்னிடம்தான் இருக்கிறது.
அக்கா
தேவகனி


நாகர்கோவில்
16-1-1956

அன்புள்ள அக்காவுக்கு, புது விலாசத்திலிருந்து சத்தியபாய் ஸ்தோத்திரம். நான் சுகமாயிருக்கிறேன். இதைச் சும்மா எழுதவில்லை, நிஜமாகவே சுகம்.

மூன்று மாதம் பதில் எழுதாததற்கு என்னைத் திட்டியிருப்பாய். துணிச்சல் வந்தால் எழுதலாம் என்று இருந்தேன். அது வரவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை கோவிலில் இவர் முன்னால் நின்று பாட்டு நடத்திக்கொண்டிருந்தார். நல்ல குரல் அவருக்கு. எல்லோரும் கண்ணை மூடிப் பாடுகிறார்கள். நான் கடைசிப் பாயிலிருந்து எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி வெளியே வந்தேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறிவிட்டேன். குலசேகரம் தாண்டும்வரை அந்தப் பாட்டு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மாற்றுச் சேலைகூட எடுக்கவில்லை.

நேற்று அவர் வந்தார். ஞானம் அக்கா கேட்டில் நின்று, "இது பொம்பளப் பிள்ளைகள் தங்குற இடம், ஆம்பிளைகளுக்கு உள்ள அனுமதி கெடையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் ஒளியத் தெரிகிறது அக்கா.

தங்கத்தை உடனே அனுப்பாதே. முந்தாநாள் ஒரு பிள்ளை குழம்புச் சட்டியைத் தட்டிவிட்டாள். என் கை தானாக எழுந்துவிட்டது. பக்கத்திலிருந்த கழுநீர்ப் பானைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளை, "ஆண்டி, என்ன தேடுறிய?" என்று கேட்டாள். கரண்டி என்றேன். என் கை சரியாகிவிட்டதா என்று கேட்டால், ஆகிக்கொண்டிருக்கிறது என்று சொல்.

சனிக்கிழமைகளில் அவளைக் கூட்டிவந்து காட்டு. அவளாக என்னிடம் வந்தால் வரட்டும்.
சத்தியபாய்


ஆரல்வாய்மொழி
25-5-1956

அருமைத் தங்கைக்கு அக்கா எழுதுவது. சுகம், சுகமே கோருகிறேன்.

உங்கள் போதகர் ஐயா பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்திருந்தார். உன் மாப்பிள்ளை ஜெபதாஸ் பொறுப்பான மனுஷன், ஒரு சொட்டுக் குடிக்காதவன், கர்த்தர் இணைத்ததை மனுஷர் பிரிக்கலாமா என்று அரைமணி நேரம் பேசினார். அத்தான் கடையில் கருப்பட்டியை அடுக்கிக்கொண்டே கேட்டார். கடைசியில், "ஐயா, குடை வேணும்னா வேற கடையில பாருங்க. இங்க கருப்பட்டிதான் உண்டு" என்றார். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, முகம் மட்டும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. போகும்போது ஒரு கட்டிக் கருப்பட்டி வாங்கிக்கொண்டுதான் போனார்.

தங்கத்தின் சங்கதிக்கு வருகிறேன். முதல் சனிக்கிழமைகளில் அவள் என் முந்தானையை விடாமல் உட்கார்ந்திருந்ததும், நீ அவள் பக்கம் திரும்பாமல் காய் நறுக்கிக்கொண்டே இருந்ததும் எனக்கு மறக்காது. போன சனிக்கிழமை உனக்குப் பக்கத்தில் போய்ப் பயறு உடைத்தாளே, அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று சொன்னாள். "அம்மை இப்ப கையைச் சேலைக்குள்ள வச்சுக்கிடுது" என்றாள். பிள்ளைகள் எதைத்தான் பார்ப்பதில்லை!

நான் நேற்று அவளிடமே கேட்டேன். "பள்ளிக்கூடம் திறந்ததும் இங்க நிக்கியா, அம்மைகிட்டப் போறியா?" "கட்டில் உண்டா?" என்றாள். உண்டு என்றேன். "அப்பம்னா போறேன்" என்றாள். கட்டில் எதற்கு என்று உனக்குத் தெரியும். அதற்காக மனம் உடைந்துவிடாதே. ஒளிய இடம் வைத்துக்கொண்டாவது உன்னிடம் வருகிறேன் என்கிறாளே, அதைப் பிடித்துக்கொள்.

ஜூன் முதல் வாரம் கூட்டிவருகிறேன். அத்தான் இப்போதே கடையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறார். இனி தண்ணீர் கொடுக்க ஆள் யார் என்று கேட்கிறார்.
தேவகனி


நாகர்கோவில்
4-11-1956

அன்புள்ள அக்காவுக்கு சத்தியபாய் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. நானும் தங்கமும் சுகம். நீயும் அத்தானும் குளோரியும் சுகமா? முழங்கால் எப்படி?

வியாழக்கிழமை நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததற்கு இங்கே ஒரே கொண்டாட்டம். தெருவெல்லாம் கொடி, வெடி. முதல் வெடிக்கே தங்கம் கட்டிலுக்கடியில் போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை, இழுக்கவும் இல்லை. போர்டிங்குக்குக் கொடுத்த லட்டில் ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நானும் தரையில் உட்கார்ந்து உளுந்து புடைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கை வந்து லட்டை எடுத்துக்கொண்டு போனது. பாதியைத் திருப்பி என் பக்கம் தள்ளியது.

இன்னும் பாத்திரம் விழுந்தால் ஓடத்தான் செய்கிறாள். மரக்கட்டையை அடிப்பதை விட்டுவிட்டாள் என்று சொல்ல முடியாது, குறைந்திருக்கிறது. என் கையும் அப்படித்தான். அவர் இரண்டு மாதமாக வரவில்லை, கடிதம் மட்டும் போடுகிறார். ஞானம் அக்கா பிரிக்காமல் எடுத்து வைக்கிறார்கள்.

இதெல்லாம் எழுத உட்காரவில்லை நான். நேற்று நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சாயங்காலம் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். தங்கம் வெளியிலிருந்து ஓடிவந்தாள். அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, "அம்மை, மழ வருது" என்றாள்.

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. கேட்டில் அவர்தான் என்று நினைத்தேன். இல்லை, மறுபடி என்னைத்தானா என்று என் கையைப் பார்த்தேன். கை சும்மாதான் இருந்தது. கடுகு கரிந்துகொண்டிருக்கிறது, நான் அசையவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். ஓடவில்லை, ஒளியவில்லை. அவளுக்கு முகத்தில் ஒரே எரிச்சல்.

"எதுக்கு இப்படி நிக்கிய? துணியெல்லாம் நனையுது! வாங்க அம்மை!" என்று கத்தினாள். கத்தினாள் அக்கா, தெருவுக்கே கேட்கும்படி!

வெளியே பார்த்தேன். தென்னைமரத்துக்கு மேலே கருப்பாய் இறங்கிவிட்டது. கொடியில் நாற்பது பிள்ளைகளின் பாவாடையும் சட்டையும் தொங்குகிறது. அவளுக்குக் கொடி எட்டவில்லை, அதுதான் என்னைக் கூப்பிட வந்திருக்கிறாள். அவள் என் சேலையைப் பிடித்து இழுக்க, நான் பின்னாலேயே ஓடினேன். நான் உருவி உருவிப் போட, அவள் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டாள். பாதிதான் எடுத்தோம். அதற்குள் கொட்டிவிட்டது.

இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துவிட்டோம். ஞானம் அக்கா என்னைப் பிடித்து ஏசினார்கள். சொல்லிவிட்டபிறகும் அடுக்களையில் என்ன நின்றுகொண்டிருந்தாய் என்று கேட்டார்கள். தங்கம்தான், "அம்மைக்கு மழன்னா பயம், ஆண்டி. இனி நான் பாத்துக்கிடுவேன்" என்றாள்.

அத்தானிடம் சொல், அவர் வைத்த பெயர் அவளுக்குப் பொருந்தும் என்று. இனி மழைக்காரி என்றே கூப்பிடலாம்.

இங்கே இன்னும் விடவில்லை. துணியெல்லாம் அறைக்குள் கொடி கட்டிப் போட்டிருக்கிறேன். அதற்கடியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், காகிதத்தில் சொட்டினால் பொறுத்துக்கொள்.
உன் தங்கை
சத்தியபாய்